காசு போடாமல் விளையாடுபவனின் கணக்கு

இலவச கேம் என்றாலே "காசு போட்டவன்தானே ஜெயிப்பான்" என்று கதையை முடித்துவிடுகிறவர்கள் உண்டு. பல வருடங்களாகக் கொழும்பில் இருந்துகொண்டு பெரும்பாலும் இந்த வகைக் கேம்களையே விளையாடி வருகிறேன். எனக்குத் தெரிந்தவரை அது கேமுக்குக் கேம் மாறும். உள்ளே எதை விற்கிறார்கள் என்று பார்த்தாலே, நம்மிடம் அது எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கும் என்று தெரிந்துவிடும்.

ஐந்து பேருக்கு ஐந்து பேர் மோதும் டோட்டா 2 தான் என்னிடம் அதிக காலம் நின்றது. நூற்றுக்கும் மேற்பட்ட ஹீரோக்கள், எல்லோரும் இலவசம். விலைக்கு இருப்பது உடுப்பும் அலங்காரமும்தான். அதற்குப் போய் யார் காசு கொடுப்பார் என்று கேட்கலாம். கொடுத்தார்கள். பேட்டில் பாஸ் என்ற அலங்காரப் பொதியின் விற்பனையில் 25 சதவீதம், டோட்டாவின் உலகப் போட்டியான இன்டர்நேஷனலின் பரிசுக்குப் போனது. 2021இல் பரிசுத்தொகை 4 கோடி டொலரைத் தாண்டியது. 2023இல் அந்த விற்பனையிலிருந்து உடுப்புகளை எடுத்துவிட்டார்கள். பரிசு 30 லட்சத்துச் சொச்சத்துக்கு இறங்கியது. போட்டியின் மேல் உள்ள பாசத்தில்தான் ரசிகர்கள் கொடுக்கிறார்கள் என்று வாதாடிய என் நண்பர்கள் அதன் பிறகு அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

எனக்கு இதில் லாபம்தான். யாரோ ஒருவர் வாங்கிய இறக்கைக்கும் தொப்பிக்குமான காசில் ஓடும் சிங்கப்பூர் சர்வரில் நான் சும்மா விளையாடுகிறேன். அவருக்கும் ஒரு ஆட்டத்துக்கு இன்னும் ஒன்பது பேர் வேண்டுமே. அந்த இறக்கையைப் பார்க்க ஆள் வேண்டாமா?

கென்ஷின் இம்பாக்ட் வேறு ரகம். அழகுக்குக் குறையில்லை, போனில் 20 ஜிபிக்கு மேல் விழுங்கும் என்பதால், அப்டேட் வந்தால் நள்ளிரவுக்குப் பிறகான டேட்டா கோட்டாவுக்காகக் காத்திருந்து இறக்குவேன். இங்கே விற்பது அதிர்ஷ்டம். ஐந்து நட்சத்திரப் பாத்திரம் விழும் வாய்ப்பு ஒரு இழுப்புக்கு, அதாவது ஒரு தடவை குலுக்கிப் பார்ப்பதற்கு, 0.6 சதவீதம். 90ஆவது இழுப்பில் ஒன்று நிச்சயம். ஒரு இழுப்புக்கு 160 பிரைமோஜெம் (கேமுக்குள் செல்லும் காசு) என்றால் மொத்தம் 14,400. தினசரி வேலைகளுக்குக் கிடைப்பது 60. அதை மட்டும் நம்பினால் 240 நாள். ஈவென்ட்களில் இன்னும் கிடைக்கும்தான், ஆனால் 90 வரை போய் விழுவதும் நாம் கேட்ட ஆளாக இருக்கும் என்பது கிட்டத்தட்ட பாதிக்குப் பாதிதான். மாத அட்டை 4.99 டொலர், தினமும் 90 பிரைமோஜெம் கூடுதலாக வரும். 2022 தொடக்கத்தில் அது ஏறத்தாழ ஆயிரம் ரூபாய்க் கணக்கு. சில மாதங்களில் டொலர் 360க்குப் போனது, அட்டை ஆயிரத்து எண்ணூறு. அந்த விலைக்கு நான் தயாரில்லை. இப்போது கதைக்காக மட்டும் திறக்கிறேன், யார் விழுந்தாலும் சரி.

நான் அழித்தது ஒன்றே ஒன்று, ஊர் கட்டிப் போர் செய்கிற கேம். பெயர் வேண்டாம். அதில் விற்பது நேரமும் பயமும். கட்டடம் எழும்பப் பல மணி நேரம், சீக்கிரம் முடிக்கக் காசு. ஊரைக் காக்கும் கவசத்துக்கும் காலக்கெடு. 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லாத நாட்கள் ஞாபகம் இருக்கும். வெள்ளவத்தையில் ரவுட்டரும் செத்து, போன் சிக்னலும் ஒரு கோடாக நின்ற ஒரு இரவு என் கவசம் தீர்ந்துபோனது. கரண்ட் வந்து திறந்தால் ஊர் எரிகிறது, தானியக் களஞ்சியம் காலி. அந்தக் காட்சியை முழுதாகப் பார்க்கக்கூட விடவில்லை. திரையை மறைத்துக்கொண்டு ஒரு பெட்டி: மீட்புப் பொதி, 80 சதவீதத் தள்ளுபடி, மூலையில் ஓடும் கடிகாரம். தீ வைத்தவனே வாளித் தண்ணீர் விற்கிறான். அதை மூட வேண்டிய எக்ஸ் குறியைத் தேடக் கண்ணாடி போடவேண்டி வந்தது.

அக்காவின் மகன் ஃப்ரீ ஃபயர் பைத்தியம். "மாமா, கொஞ்சம் டயமண்ட் போட்டுத் தாங்கோ" என்பது அவனுடைய வணக்கம் மாதிரி. டயமண்ட் அந்தக் கேமுக்குள் செல்லும் காசு. துப்பாக்கி வேண்டாமாம், உடுப்புத்தான் வேண்டுமாம். சும்மா கிடைத்த உடுப்போடு வந்தால் வகுப்பில் 'நூப்' (கத்துக்குட்டி) என்கிறார்களாம். உடுப்புத்தானே விற்கிறார்கள் என்று நான் டோட்டாவுக்குச் சொல்லும் சமாதானம், பன்னிரண்டு வயதுக்காரனிடம் எடுபடுவதில்லை.

அமெரிக்காவில் 2025 ஜனவரியில் கென்ஷின் நிறுவனம் 2 கோடி டொலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. பெற்றோர் சம்மதமின்றி 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு லூட் பொக்ஸ், அதாவது இந்த மாதிரி அதிர்ஷ்ட இழுப்பு, விற்கக் கூடாது என்பதும் அந்த ஏற்பாட்டில் உண்டு. அது அந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு. இங்கே அக்காவின் போனில், ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்ட் கேட்கும்படி பிளே ஸ்டோரை நான்தான் மாற்றிக் கொடுத்தேன். பையன் அசரவில்லை. டொப்அப் போடுகிற கடையில் பிளேயர் ஐடியும் கைக்காசும் கொடுத்தால் போதும், பாஸ்வேர்டுக்கு அங்கே வேலையே இல்லை. இப்போது அக்கா கன்டீன் காசை நாளுக்கு நாள் எண்ணித்தான் கொடுக்கிறார்.