வயிற்றில் பேண்ட் வைக்கிறோம் என்று சொல்லும் விளம்பரத்தை நம்பும் முன்

2010 வாக்கில் தென் கலிபோர்னியாவில் கார் ஓட்டியவர்கள் யாரும் அந்த விளம்பரத்தைப் பார்க்காமல் தப்பியிருக்க முடியாது. ஃப்ரீவே ஓரத்துப் பலகை, ரேடியோ, டிவி என்று எங்கே திரும்பினாலும் ஒரே தொலைபேசி எண்: 1-800-கெட்-தின். கூப்பிட்டால் போதும், இரைப்பையைச் சுற்றி வளையம் பூட்டி எடை குறைக்கும் லேப்-பேண்ட் ஆபரேஷனுக்கு உங்கள் இன்ஷூரன்ஸ் பணம் தருமா என்று அவர்களே விசாரித்துச் சொல்லிவிடுவார்கள்.

2009க்கும் 2011க்கும் இடையில், அந்த விளம்பரத்தோடு தொடர்புடைய மையங்களில் பேண்ட் வைத்துக்கொண்டவர்களில் 5 பேர் இறந்ததாகச் செய்திகள் வந்தன. 2011 டிசம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. அந்த விளம்பர நிறுவனத்துக்கும் 8 ஆபரேஷன் மையங்களுக்கும் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. ஆபரேஷனால் வரக்கூடிய ஆபத்துகளை விளம்பரங்கள் முறையாகச் சொல்லவில்லை என்பது குற்றச்சாட்டு. 2012 பிப்ரவரியில், பேண்டைத் தயாரித்த அலர்கன் நிறுவனமே இனி இவர்களுக்கு விற்பதில்லை என்று அறிவித்தது.

பணம் எப்படிப் பறிக்கப்பட்டது என்பது பிறகுதான் கோர்ட்டில் முழுதாக வெளிவந்தது. அங்கே இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் வழக்கமான விதி இது: உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. எண் 40 அல்லது அதற்கு மேல் என்றால் ஆபரேஷனுக்குப் பணம் உண்டு. 35இலிருந்து 40க்குள் என்றால், உடல் பருமனால் வந்த வேறொரு நோயும் கூடவே இருக்க வேண்டும். அந்த இரண்டாவது காரணத்தை உண்டாக்கத்தான் ஸ்லீப் ஸ்டடி. வந்தவர்களை ஒரு இரவு படுக்கவைத்து, தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று பார்க்கும் சோதனை. ரிப்போர்ட்டில் எண்களை மாற்றி, மிதமான அல்லது கடுமையான மூச்சுத்தடை இருப்பதாகவும், பகல் முழுக்கத் தூக்கம் தள்ளுவதாகவும் எழுதி இன்ஷூரன்ஸுக்கு அனுப்பினார்கள். ஆபரேஷனுக்கு அனுமதி கிடைக்காவிட்டாலும், ஸ்லீப் ஸ்டடிக்கென்று ஒரு நோயாளிக்கு ஏறக்குறைய 15,000 டாலர் பில் போய்விடும். மொத்தம் சுமார் 35.5 கோடி டாலருக்கு மோசடிக் கோரிக்கைகள் என்று அரசுத் தரப்பு கணக்குச் சொன்னது. 2021 டிசம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸ் ஜூரி குற்றம் உறுதி என்றது. 2023 ஏப்ரலில், இதை நடத்தியவருக்கு 7 ஆண்டு சிறை. அவர் 2009லேயே டாக்டர் லைசென்ஸை இழந்தவர்.

இன்ஷூரன்ஸ்காரன் பணம்தானே போனது, நோயாளிக்கு என்ன நஷ்டம் என்று நினைக்காதீர்கள். இல்லாத நோய் உங்கள் பெயரில் ஃபைலில் ஏறினால், அடுத்து மயக்கம் கொடுக்கும் டாக்டர் முதல் அடுத்த இன்ஷூரன்ஸ் கம்பெனி வரை எல்லோரும் அதை உண்மை என்றே எடுத்துக்கொள்வார்கள். அதைவிட மோசம், பேண்ட் தேவையே இல்லாத ஒருவர் ஆபரேஷன் மேஜையில் ஏறிவிடுகிறார். எந்த ஊராக இருந்தாலும் ஸ்லீப் ஸ்டடி செய்தால் அசல் ரிப்போர்ட்டின் பிரதியைக் கையோடு வாங்குங்கள். அதில் மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைபட்டது என்ற எண் இருக்கும்: 5க்குக் கீழே இயல்பு, 5 முதல் 15 லேசு, 15 முதல் 30 மிதம், 30க்கு மேல் கடுமை. இன்ஷூரன்ஸுக்கு அனுப்பிய தாளிலும் அதே எண் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

மோசடி இல்லாத இடத்திலும் இந்த ஆபரேஷன் அரைகுறையாகத்தான் விளக்கப்படுகிறது. என்ன வைக்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்கவேண்டும்.

பேண்ட் என்பது சிலிகோன் வளையம். உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே அதைச் சுற்றிப் பூட்டுகிறார்கள். வளையத்துக்கு மேலே 15 முதல் 30 மில்லி பிடிக்கும் சின்னப் பை மிஞ்சும். வளையத்தின் உட்புறம் ஊதிப் பெருக்கக்கூடிய பலூன். அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று வயிற்றுச் சுவருக்கு வந்து, தோலுக்கு அடியில் தசையின் உறையோடு தைத்துவைத்த போர்ட்டில் முடியும். போர்ட்டுக்குள் ஊசி போட்டு சலைன் என்ற உப்பு நீரை ஏற்றினால் வளையம் இறுகும், எடுத்தால் தளரும். லேப்-பேண்டின் ஏ.பி. வகையில் சிறியது 10 மில்லி, பெரியது 14 மில்லி வரை கொள்ளும். பழைய வகைகள் சிலவற்றில் 4 மில்லிதான். உங்களுக்குள் இருப்பது எது என்று தெரியாமல் ஊசி போடுபவருக்கு எவ்வளவு ஏற்றலாம் என்பதும் தெரியாது.

ஆபரேஷன் நாளன்று பேண்ட் பெரும்பாலும் காலியாகவே இருக்கும். சலைன் ஏற்றி இறுக்குவதை ஃபில் என்பார்கள். முதல் ஃபில் 4 முதல் 6 வாரம் கழித்து. அதன் பிறகு சில வாரங்களுக்கு ஒருமுறை அரை மில்லி, ஒரு மில்லி என்று கூட்டியும் குறைத்தும், கொஞ்சம் சாப்பிட்டாலே பசி அடங்குகிற ஆனால் வாந்தி வராத ஓர் இறுக்கத்தைத் தேடவேண்டும். முதல் ஆண்டில் இதற்காகப் பல முறை போக வேண்டியிருக்கும். அதற்குப் பிறகும் வாழ்நாள் முழுக்கக் கண்காணிப்பு வேண்டும். எடை குறைவது இந்த ஃபில் வேலையால்தான். விளம்பரம் விற்பது ஒரு மணி நேர ஆபரேஷனை. உங்களுக்குத் தேவைப்படுவது பல ஆண்டு பராமரிப்பு. பேக்கேஜ் விலையில் எத்தனை ஃபில் அடங்கும், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு, எக்ஸ்ரே திரையில் பார்த்துப் போடுவதற்குத் தனிக் கட்டணமா என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித்தர மறுக்கும் இடத்தில் அட்வான்ஸ் கட்டாதீர்கள்.

எவ்வளவு குறையும் என்று சொல்வதிலும் ஒரு தந்திரம் உண்டு. ‘50 சதவீதம் குறையும்’ என்பார்கள். அது கூடுதல் எடையில் 50 சதவீதம். 120 கிலோ உள்ள, 70 கிலோ இருக்கவேண்டிய ஒருவருக்குக் கூடுதல் எடை 50 கிலோ. அதில் பாதி 25. நன்றாகப் பலித்தால்கூட அவர் 95 கிலோவில் நிற்பார். இது கெட்ட பலன் இல்லை, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இறங்க இதுவே உதவும். ஆனால் 60 கிலோவுக்கு வந்துவிடலாம் என்று நம்பிப் பணம் கட்டுகிறவர் ஏமாற்றப்படுகிறார். இன்னொன்று: பேண்ட் தடுப்பது கெட்டி உணவைத்தான். ஐஸ்கிரீமும் மில்க்ஷேக்கும் ஜூஸும் தடையின்றி வழுக்கிக்கொண்டு இறங்கும். இனிப்புத் திரவங்களை விட முடியாதவருக்கு இது பலிக்காது என்று முதல் சந்திப்பிலேயே சொல்லாத டாக்டர் தன் வேலையைச் செய்யவில்லை.

என்ன கெட்டுப்போகும் என்பதுதான் முக்கியம்.

முதலாவது, நழுவல். பேண்டுக்குக் கீழே இருக்கும் இரைப்பை வளையத்தின் வழியாக மேலே ஏறி, சின்னப் பை பெரிதாகிவிடும். பழைய முறையில் இது அதிகம் நடந்தது. பின்னால் வளையத்தைக் கோக்கும் பாதையை மாற்றி, முன்பக்கம் இரைப்பையை வளையத்தின் மேலே மடித்துத் தையல் போடத் தொடங்கியதும் குறைந்தது, அடியோடு நிற்கவில்லை. முந்தைய நாள்வரை சாப்பிட்டவருக்குத் திடீரென்று தண்ணீர்கூட இறங்காது, எச்சிலைக்கூடத் துப்பவேண்டி வரும், வயிற்றின் மேல்பக்கம் வலிக்கும். சாதாரண எக்ஸ்ரேயிலேயே துப்புக் கிடைக்கும்: சரியான இடத்தில் உள்ள பேண்ட் முதுகெலும்பிலிருந்து 4 முதல் 58 டிகிரிக்குள் சாய்ந்து, பக்கவாட்டில் பார்த்த வளையமாகத் தெரியும், நழுவிய பேண்ட் படுத்துக்கொண்டு வட்டமாகத் தெரியும். ஏறிவந்த இரைப்பைக்கு ரத்த ஓட்டம் நின்றால் அது அழுகிவிடும். காத்திருக்கக்கூடாத அவசரம் இது.

இரண்டாவது, அரிப்பு. வளையம் மெல்ல மெல்ல இரைப்பைச் சுவரை அரித்து உள்ளே போய்விடும். இது பெரும்பாலும் வலியில்லாமல், ஆண்டுகள் கழித்து வருவதால் தவறவிடுகிறார்கள். எடை மறுபடி ஏறும், எவ்வளவு ஃபில் செய்தாலும் இறுக்கம் தெரியாது. இன்னொரு அடையாளம், ஆபரேஷன் நடந்து வெகுகாலம் கழித்து போர்ட் இருக்கும் இடத்தில் சீழ் வைப்பது. தோல் தொற்று என்று ஆன்டிபயாட்டிக் மட்டும் கொடுத்து அனுப்பினால் விடாதீர்கள். இரைப்பைக்குள் புகுந்த பேண்டிலிருந்து கிருமி குழாய் வழியே போர்ட்டுக்கு வந்திருக்கலாம். எண்டோஸ்கோப்பி செய்துதான் தெரிந்துகொள்ள முடியும். அரித்த பேண்டைத் தளர்த்திப் பயனில்லை, எடுத்தே ஆகவேண்டும்.

மூன்றாவது, அதிக இறுக்கம். எடை வேகமாகக் குறையட்டும் என்று நோயாளியே கேட்டு இறுக்கிக்கொள்வதும் நடக்கிறது. அப்போது உணவுக்குழாய் விரிந்து அசைவிழந்துவிடும். ராத்திரி படுத்தால் இருமல், தொண்டைக்குக் கசப்பு ஏறுவது, திரும்பத் திரும்ப நிமோனியா வருவது எல்லாம் அதன் அறிகுறிகள். நெஞ்செரிச்சல் மாத்திரையும் இருமல் மருந்தும் தந்து காலத்தைக் கடத்துவார்கள். முதலில் செய்யவேண்டியது பேண்டைத் தளர்த்துவது.

போர்ட் புரண்டுகொள்வது, குழாய் கழன்றுபோவது, சலைன் கசிவது ஆகியவை சின்னக் கோளாறுகள்தான், ஆனாலும் சரிசெய்ய மறுபடி கத்தி வைக்கவேண்டும். கசிவுக்கு ஒரு காரணம் தடுக்கக்கூடியது. சாதாரண ஊசி போர்ட்டின் ரப்பரைச் செதுக்கிக் கொஞ்சத்தைப் பெயர்த்தெடுத்துவிடும். போர்ட்டுக்கென்றே செய்த ஹியூபர் ஊசி துளைத்த இடம் தானே மூடிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் உள்ளே இருந்த சலைனை முழுக்க எடுத்து அளந்து, போன முறை எழுதிவைத்த அளவோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். குறைந்தால் எங்கோ கசிகிறது.

பிரஸ்ஸல்ஸில் 1990களில் பேண்ட் வைத்தவர்களை 12 ஆண்டுக்கு மேல் கழித்துத் தேடிப்பார்த்தபோது, கிடைத்த 82 பேரில் 28 சதவீதத்துக்கு அரிப்பு. ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பேண்டை எடுக்கவேண்டி வந்திருந்தது. முதியோருக்கான அமெரிக்க அரசு இன்ஷூரன்ஸான மெடிகேரில் 2006 முதல் 2013 வரை பேண்ட் வைத்த 25,042 பேரில் 18.5 சதவீதத்துக்கு மறு ஆபரேஷன். பேண்டுக்காக மெடிகேர் செலவழித்த 47 கோடி டாலரில் 22.4 கோடி அந்த மறு ஆபரேஷன்களுக்கே போனது. 2011இல் அமெரிக்காவின் எடை குறைப்பு ஆபரேஷன்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் பேண்டாக இருந்தது, பத்தாண்டுக்குள் 1 சதவீத அளவுக்கு விழுந்ததற்கு இதெல்லாம் காரணம். பெரும்பாலானோர் இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டியெடுக்கும் ஸ்லீவ் பக்கம் போய்விட்டார்கள். கோளாறு வந்த பேண்டை எடுத்துவிட்டு ஸ்லீவோ, உணவு இரைப்பையின் பெரும்பகுதியைத் தாண்டிப் போகும்படி வழிமாற்றும் பைபாஸோ செய்வதும் உண்டு. ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று அவசரப்படுத்தினால் யோசியுங்கள். பேண்ட் இருந்த இடத்தில் தடித்த தழும்பு இருக்கும், அதன்மேல் ஸ்டேப்ளர் போட்டால் கசியும் ஆபத்து கூடுகிறது. எடுத்துவிட்டுச் சில மாதம் ஆறவிட்டுச் செய்வது பல டாக்டர்களின் வழக்கம். அரிப்பு என்றால் காத்திருப்பது இன்னும் அவசியம்.

இப்போதும் யாராவது உங்களுக்குப் பேண்டைப் பரிந்துரைத்தால் அது தானாகவே மோசடி ஆகிவிடாது. ஆனால் உணவுக்குழாய் அசைவில் கோளாறு உள்ளவர், கல்லீரல் சுருக்கத்தால் ரத்தநாளம் புடைத்தவர், நீண்டகாலம் ஸ்டீராய்டு எடுப்பவர், உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் லூபஸ் போன்ற நோய் உள்ளவர் இவர்களுக்கு இது கூடாது. உங்களிடம் இவற்றைக் கேட்காமலே தேதி குறித்தால் எழுந்து வந்துவிடுங்கள். தேதி குறிப்பவர் டாக்டராக இல்லாமல் ‘கோஆர்டினேட்டர்’ என்றாலும், ஆபரேஷன் செய்பவரை அன்று காலைதான் முதலில் பார்ப்பீர்கள் என்றாலும் அப்படியே. வாந்தி நிற்காமல் ராத்திரி 2 மணிக்குக் கூப்பிட்டால் யார் வந்து பேண்டைத் தளர்த்துவார் என்று கேளுங்கள். ‘பக்கத்து எமர்ஜென்சிக்குப் போங்கள்’ என்பது பதில் ஆகாது. அங்கே உள்ளவர்களில் பலர் பேண்டைத் தொட்டிருக்கவே மாட்டார்கள்.

வெளிநாட்டில் பேண்ட் வைத்துக்கொண்டு தமிழ்நாட்டுக்கு வந்துபோகும் உறவினர் வீட்டில் இருந்தால் இந்தப் பகுதியை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். பேண்டின் கம்பெனி, வகை, வைத்த தேதி, போர்ட் இருக்கும் இடம், கடைசியாக உள்ளே விட்ட மில்லி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி பாஸ்போர்ட்டோடு வைக்கச் சொல்லுங்கள். தண்ணீர் இறங்காமல் வாந்தி வந்தால் ஹியூபர் ஊசி இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். புற்றுநோய் வார்டு உள்ள இடத்தில் அது இருக்கும், கீமோ போர்ட்டுக்கும் அதே வகை ஊசிதான். உயிருக்கு ஆபத்து, அந்த ஊசி கிடைக்கவில்லை என்றால் மெல்லிய சாதாரண ஊசியாலேயே சலைனை எடுத்துவிடலாம். போர்ட் கெட்டால் பிறகு மாற்றிக்கொள்ளலாம். தளர்த்திய பிறகும் வலி நிற்காவிட்டால் வீட்டுக்கு அனுப்ப விடாதீர்கள், சர்ஜனைக் கூப்பிடச் சொல்லுங்கள். பல நாளாக வாந்தி எடுத்தவருக்கு குளுக்கோஸ் டிரிப் ஏற்றும் முன் வைட்டமின் பி1 எனப்படும் தயமின் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அது குறைந்த உடம்பில் வெறும் குளுக்கோஸ் ஏறினால் மூளை பாதிக்கப்படும். கண் பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழம்புவது அதன் முதல் அறிகுறிகள்.