அந்துப்பூச்சி ஒட்டுப்பொறி: துப்பு சொல்லும், தீர்த்துவைக்காது

சமையலறை உணவுப்பொருளில் வரும் அந்துப்பூச்சியைப் பிடிக்க முக்கோணமாக மடிக்கிற அட்டை, உள்பக்கம் பசை, நடுவில் ஒட்ட ஒரு சின்ன வாசனை வில்லை. இவ்வளவுதான் சரக்கு. பல பெயர்களில் விற்கிறார்கள், உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான். நான் வாங்கிய பெட்டியின் மேல் ‘முழுத் தீர்வு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. என் சண்டையே அந்த இரண்டு சொல்லோடுதான்.

வில்லையில் இருப்பது ஃபெரோமோன். பெண் அந்து ஆணை அழைக்க விடும் வாசனையைச் செயற்கையாகச் செய்து ஏற்றியிருக்கிறார்கள். நம் மூக்குக்கு எதுவும் தெரியாது. ஆண் பூச்சி ஆசையாக வந்து ஒட்டிக்கொள்ளும், பெண் எட்டிக்கூடப் பார்க்காது. ஏற்கெனவே இணைசேர்ந்த பெண் ஒன்றே 100 முதல் 400 முட்டை வரை இடும். அதோடு, உணவைத் தின்பது பறக்கிற பூச்சி அல்ல, புழு. பூச்சி எதையும் தின்னாமல் ஓரிரு வாரத்தில் செத்துவிடும். அட்டை நிறையப் பூச்சி ஒட்டியிருக்கிறதே என்று நீங்கள் சந்தோஷப்படும் நேரத்தில், தின்கிற கூட்டம் டப்பாவுக்குள் பத்திரமாக இருக்கிறது.

பிறகு எதற்கு வாங்க வேண்டும்? எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க. அலமாரிக்கு ஒன்றாக வைத்தேன். மாவு இருந்த இடத்தில் ஏதோ ஒன்றிரண்டு. நாய் பிஸ்கட் இருந்த கீழ்த்தட்டில் அட்டையே நிரம்பிவிட்டது. பையைப் பிரித்தால் உள்ளே மெல்லிய இழை, அதில் தூள் ஒட்டிக் கட்டிகட்டியாகத் தொங்குகிறது, நடுவே பழுப்புத் தலையோடு வெளுத்த புழுக்கள். மாவையும் அரிசியையும் எல்லோரும் சலித்துப் பார்ப்பார்கள். செல்லப்பிராணித் தீனி, பறவைத் தானியம், மறந்துபோன உலர்பழம், சாக்லேட் இதெல்லாம் யார் கண்ணிலும் படாது. இந்த ஒரு உபகாரத்துக்கே பொறிக்குக் கொடுத்த காசு சரி.

வாங்கும் முன் உங்கள் பூச்சியை உற்றுப் பாருங்கள். இறக்கை மூடி உட்காரும்போது தலைப்பக்கம் வெளிர் சாம்பல், மிச்சம் செம்புப் பழுப்பு என்று இரண்டு நிறமாகத் தெரிந்தால் அது ப்ளோடியா இன்டர்பன்க்டெல்லா, உணவு அந்துகளில் மிகப் பரவலானது. இந்தப் பொறி முதன்மையாக அதற்குத்தான். மத்தியதரைக்கடல் மாவு அந்தும் இதே வாசனைக்கு வரும். அரிசி அந்து மங்கலான சாம்பல் பழுப்பு, எடுப்பான குறி எதுவும் இருக்காது. அதற்கு இது பயன்படாது, அந்த இனத்தில் வாசனை விட்டு அழைப்பதே ஆண்தான்! துணி அந்துக்கு வேறு வில்லை. வண்டு பிடிக்கவில்லை என்று ஒரு நட்சத்திரம் போட்டவர்களைப் பார்த்தேன். பாவம், பொறியைக் குறை சொல்லி என்ன பயன்?

உண்மையான வேலை துப்பு கிடைத்த பிறகுதான். இழை படிந்த தீனியைப் பையில் கட்டி வெளியே எறியுங்கள். சந்தேகமானதை மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் ஒரு வாரம் வைத்தால் முட்டையும் சாகும். முற்றிய புழு கூடு கட்ட வெகுதூரம் ஊர்ந்து போகும்: ஆணித்துளை, மூடியின் மரை, கூரை மூலை. அங்கெல்லாம் வாக்குவம் கிளீனர் போக வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக்கைக் கடித்துத் துளைக்கும் என்பதால் கண்ணாடி அல்லது கெட்டியான டப்பா, ரப்பர் வளையம் வைத்த மூடி. உணவு இருக்கிற இடத்தில் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். டப்பாவுக்குள் பிரிஞ்சி இலை போட்டால் பூச்சி வராது என்கிற வைத்தியத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை.

பொருளின் குறைகள்: பசை விரலில் பட்டால் சோப்புக்குப் போகவில்லை, சமையல் எண்ணெய் தேய்த்துத்தான் எடுத்தேன். வில்லையின் வீரியம் சுமார் 3 மாதம். ஆனால் என்று திறந்தோம் என எழுத அட்டையில் இடமில்லை, பேனாவால் ஓரத்தில் குறித்துக்கொண்டேன். திறந்த ஜன்னல் பக்கம் வைக்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் இல்லை. வைத்தால் வெளியே திரிகிற பூச்சியையும் வீட்டுக்குள் அழைக்கும்.

ஐந்துக்கு மூன்று. சுத்தம் செய்து முடித்ததும் புது அட்டை ஒன்று வைத்திருக்கிறேன். வெதுவெதுப்பில் முட்டையிலிருந்து பூச்சியாக ஒரு மாதம், குளிரில் பல மாதம் ஆகும், ஆகவே சில வாரம் காலியாக இருக்கிறது என்று அதை எடுத்துவிடப் போவதில்லை.