டவுன்ஹில் பந்தயப் பனிச்சறுக்குப் பலகை: பாதுகாப்பு நோக்கில் ஒரு மதிப்பீடு

சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பின் விதிப்படி குறைந்தது 218 செ.மீ. நீளமும் 50 மீட்டர் வளைவு ஆரமும் (பக்கவிளிம்பின் வளைவு எவ்வளவு பெரிய வட்டத்தின் பகுதி என்பதைக் காட்டும் அளவு) கொண்ட, மலைச்சரிவில் அதிவேகமாக இறங்கும் பந்தயமான டவுன்ஹில்லுக்கான ஆடவர் பலகையின் பெரும்பலம், ஏறக்குறைய நேராகச் செல்லும் அதன் பக்கவிளிம்புதான். இடை அதிகம் குறுகிய பலகையில், உள்விளிம்பு சட்டென்று பனியைக் கவ்வி, வீரரின் முழங்காலை உள்நோக்கி முறுக்கி, மூட்டை நிலைநிறுத்தும் முன்சிலுவைத் தசைநாரை (ACL) அறுத்துவிடும் அபாயம் உண்டு. இப்பலகையோ மணிக்கு 130 கி.மீ. வேகத்திலும் தானாகத் திரும்ப முனைவதில்லை. மரநடுவின் மேலும் கீழும் பதித்த உலோகத் தகடுகள் அதிர்வை அடக்கி, இறுகிய பனிக்கட்டியிலும் விளிம்பைத் தரையோடு பிடித்து வைப்பது எனக்கு மிகவும் நிறைவளித்தது.

எனினும், விழும் நேரத்தில் இந்த நீளமே நெம்புகோலாகிக் காலைத் திருகக்கூடும். பந்தயத்துக்காக இறுக்கி வைக்கப்படும் பைண்டிங்கும் (காலணியைப் பலகையோடு பிணைக்கும் பிடிப்பான்) எளிதில் கழலாது. முறையான பயிற்சி இல்லாதவர்கள் இதை வாங்கவே கூடாது.