ஒழுகியது டீசல் ஃபில்டர், பில் வந்தது பம்புக்கு

திண்டுக்கல் மாவட்டத்து மலையில் தாண்டிக்குடி, பெரும்பாறை பக்கம் பழைய டீசல் ஃபோர் வீல் ஜீப் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். நான் விட்டது மலைக்குக் கீழே உள்ள ஒரு ஒர்க்‌ஷாப்பில். புகார் நடந்துகொண்டிருப்பதால் பேர் போடவில்லை.

என் வண்டி காபியும் மிளகும் இறக்குகிற வண்டி. இன்ஜினுக்கு டீசல் அடிப்பது ரோட்டரி பம்ப். டேங்குக்கும் பம்புக்கும் நடுவில், சேஸிஸ் ஓரமாக டப்பா ஃபில்டர். சர்வீஸில் ஃபில்டரை மாற்றிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் டப்பாவுக்கு அடியில் ஈரம், புழுதி படிந்து கறுப்பாக அப்பிக்கொண்டது. மூக்கு இறக்கம் பார்க்க நிறுத்தினால் சொட்டும். ஏற்றம் பார்க்க நிறுத்தினால் சொட்டாது, ஆனால் காலையில் செல்ஃப் அடித்து அடித்து பேட்டரி உட்கார்ந்துவிடும். ஏற்றத்தில் லோடோடு போகும்போது திடீரென்று அணைந்துபோகும்.

இந்த மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான். இந்த மாதிரி வண்டியில் பம்ப்தான் டீசலை ஃபில்டர் வழியாக உறிஞ்சுகிறது. ஃபில்டர் வாயில் சந்து இருந்தால், இன்ஜின் ஓடும்போது டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். நிறுத்தினபிறகு, மூக்கு இறங்கி டேங்க் மேலே இருந்தால் சொட்டும், மூக்கு ஏறி டேங்க் கீழே இருந்தால் லைனில் நிற்கிற டீசல் டேங்குக்கே திரும்பிவிடும். சமதரையில் நிறுத்திப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அவர்கள் பார்த்தது சமதரையில்தான். "ஒழுகவே இல்லையேண்ணே, பம்ப்தான் வீக்கு" என்றான் அங்கிருந்த பையன்.

முதலில் ஃபில்டர் விளிம்பைச் சுற்றி அனபாண்ட் சிலிக்கான் பசை தடவி அனுப்பினார்கள். அது டீசலுக்குத் தாங்காது. ஊறி உப்பும், பிய்ந்து வரும். ஃபில்டருக்கு அந்தப் பக்கம் விழுந்த துணுக்கு நேரே பம்புக்குத்தான் போகும்.

மறுபடி கொண்டுபோனபோது, கல் அடித்துத்தான் டப்பா லூஸாகிறது, கார்டு, அதாவது தடுப்புத் தகடு, போட்டால் சரியாகிவிடும் என்றார் ஓனர். மலை ரோட்டில் கல் அடிப்பது உண்மைதான், அதனால் கேட்கத் தோதாக இருந்தது. 3 மில்லிமீட்டர் தகட்டை மடக்கி ஃபில்டரை மூடிவிட்டார்கள், 2,200 ரூபாய். அந்தத் தகட்டை சேஸிஸில் போல்ட் போடவில்லை, ஃபில்டர் தொங்குகிற பிராக்கெட்டிலேயே மாட்டியிருந்தார்கள். அத்தனை கனமும் குலுங்குவது டப்பாவைத் திருகி மாட்டுகிற ஃபில்டர் தலையில். அடியில் தண்ணீர் வடிக்கிற திருகுக்கு ஓட்டையும் இல்லை. ஒழுகுவதும் கண்ணில் படாது. அவர்களுக்கு அதுதானே வேண்டும்!

அப்புறமும் வண்டி நிற்கவே, பம்பை இறக்கி டெஸ்ட் பெஞ்சில் போட்டு சீல் மாற்றியதாக 14,000 ரூபாய்க்கு மேல் பில். வண்டியை எடுத்துக்கொண்டு மேலே வருவதற்குள் பெரும்பாறை ஏற்றத்தில் மறுபடி நின்றது.

எங்கள் ஊர்ப்பக்கம் வயதான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். வண்டிக்கு அடியில் படுத்தவர் கார்டைக் கழற்றினார், டப்பாவைத் திருகி எடுத்தார், தலையில் விரலை விட்டுத் தடவினார். நகத்தால் நெம்பியதும் கறுப்பாக ஒரு ரப்பர் ரிங் உரிந்து வந்தது, மிட்டாய்த் தகடு மாதிரி நசுங்கி, ஒரு பக்கம் வெடித்து. பழைய ஃபில்டரின் ரிங். அதை எடுக்காமல் அதன்மேலேயே புது டப்பாவை ஏற்றியிருக்கிறார்கள். இரண்டு ரிங் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தால் எங்கே இறுகும்?

"பம்பை எறக்குனோம்னா சொன்னாங்க? இங்க பாருங்க தம்பி" என்று டார்ச் அடித்தார். பம்ப் நட்டுகளின் இடுக்கில் பழைய செம்மண் அப்படியே காய்ந்துகிடந்தது. ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. அதைப் போட்டோ எடுத்துவைத்தேன். புகாருக்கு இப்போது இதுதான் பெரிய சாட்சி.

அவர் செய்தது இவ்வளவுதான். தலையைத் துணியால் துடைத்து, புது ஃபில்டர் ரிங்கில் டீசலைத் தடவி, ரிங் தொட்டபிறகு முக்கால் சுற்று, வெறும் கையால். செயின் ஸ்பேனரைக் கையில்கூட எடுக்கவில்லை. லைனில் டீசல் ஏற்றுகிற ஹேண்ட் பம்பை அது இறுகும்வரை அமுக்கிக் காற்று எடுத்தார். ஃபில்டரிலிருந்து பம்புக்குப் போகிற ஹோஸுக்குப் பதில் கொஞ்ச நேரம் டிரான்ஸ்பரன்ட் டியூபைப் போட்டு ஓடவிட்டுக் காட்டினார், ஒரு குமிழிகூட இல்லை. கூலி 300 ரூபாய், ஃபில்டர் தனி.

கார்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. போடுவதானால் சேஸிஸில் போல்ட் போடுங்கள், ஃபில்டரைத் தொடாமல் விரல் நுழைகிற இடைவெளி விடுங்கள், வடிகால் திருகுக்கு நேரே ஓட்டை போடுங்கள், சேறு தங்காமல் பின்பக்கம் திறந்திருக்கட்டும். டீசல் லைன் பக்கத்தில் வைத்து வெல்டிங் அடிக்கவிடாதீர்கள். தகட்டைத் தனியாக அடித்துக்கொண்டு வந்து மாட்டட்டும்.

பணத்தைக் கேட்கப் போனபோது, "பம்புக்குள்ள என்ன பண்ணினோம்னு உங்களுக்கென்ன தெரியும்ணே" என்றார்கள். போட்டோவைக் காட்டியதும் பாதி தருகிறோம் என்றார்கள், அடுத்த சர்வீஸில் கழித்துக்கொள்வார்களாம். அங்கே இன்னொரு சர்வீஸா! தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டுப் புகார் பதிந்தேன், அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2 வருடத்துக்குள் போடலாம், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. சொந்தப் பிழைப்புக்கு நாமே ஓட்டுகிற வண்டிக்கும் இது செல்லும். பில்லை மட்டும் கேட்டு வாங்கிவிடுங்கள், கார்டுக்குத் துண்டுச் சீட்டுதான் கொடுத்தார்கள்.

அதே மாதிரி கார்டு மாட்டிய ஜீப்புகள் இன்னும் சில இந்த ரோட்டில் ஓடுவதைப் பார்க்கிறேன். நாலு போல்ட்டுதான், கழற்றி உள்ளே ஈரம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.