ஓவர்கிளாக் செய்து விற்கப்படும் தொகுப்பு: எப்போது வாங்கலாம்?

ப்ராசசர், மதர்போர்டு, ரேம், கூலர் ஆகிய நான்கையும் ஒன்றாகப் பொருத்தி, பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புகளைக் கட்டுப்படுத்தும் மென்பொருள்) இயல்பு வேகத்தைவிடக் கூட்டி, அதாவது ஓவர்கிளாக் செய்து, சோதித்துப் பார்த்து, அப்படியே பெட்டியில் வைத்து அனுப்பும் தொகுப்பு ஒன்றை 2011ஆம் ஆண்டின் நடுவில் வாங்கினேன். இன்டெல் கோர் ஐ5-2500கே ப்ராசசர் அதில் இருந்தது, 3.3 கிகாஹெர்ட்ஸ் அடிப்படை வேகமும் 3.7 வரை தானாக ஏறும் திறனும் கொண்ட அதைக் கடைக்காரர்கள் 4.4 கிகாஹெர்ட்ஸில் நிறுத்தியிருந்தார்கள். ஏழு ஆண்டுகளுக்கும் மேலாக அதுவே என் முதன்மைக் கணினியாக இருந்தது. அண்மையில் இன்னொரு தொகுப்பு வாங்கலாம் என்ற எண்ணத்தில் வேறொரு கடையில் விசாரித்தேன். இந்த இரண்டு அனுபவங்களையும் வைத்தே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

இத்தகைய தொகுப்புக்குக் கூடுதலாகக் கொடுக்கும் தொகை வேகத்துக்கானது என்றே பலரும் நினைக்கிறார்கள். அதே ப்ராசசரை உதிரியாக வாங்கினாலும் அந்த வேகம் அதற்குள்தான் இருக்கிறது. நாம் விலை கொடுப்பது, ஒருவர் அதை மணிக்கணக்காகச் சோதித்து, இந்த வேகத்தில் இந்த வோல்டேஜில் இது தடுமாறாது என்று கண்டறிந்த உழைப்புக்கும், அப்படித் தடுமாறினால் தாமே பொறுப்பேற்பதாக அவர் தரும் வாரண்டிக்கும்தான். ஆகவே, அந்த உழைப்புக்கு மதிப்பு இருக்கும் காலத்தில் வாங்க வேண்டும். மதிப்பு இல்லாத காலத்தில் உதிரியாக வாங்கிக்கொள்வதே மேல்.

புதிய தலைமுறை ப்ராசசர் வெளியான முதல் வாரங்களில் தொகுப்பை வாங்குவதில் உள்ள ஆபத்தை 2011ஆம் ஆண்டு நன்றாகவே காட்டியது. இன்டெல்லின் சாண்டி பிரிட்ஜ் தலைமுறை அந்த ஜனவரியில் வெளிவந்தது. அதே மாதம் 31ஆம் தேதி, அதற்கு இணையான 6 வரிசை சிப்செட்டில் (மதர்போர்டில் ப்ராசசரை மற்ற பாகங்களோடு இணைக்கும் சில்லு) குறை இருப்பதாக இன்டெல் அறிவித்தது. ஹார்டு டிஸ்குகளை இணைக்கும் சாட்டா போர்ட்டுகளில் 3 கிகாபிட் வேகம் கொண்டவை நாளடைவில் நலிவடையக்கூடும் என்பதே அந்தக் குறை. 6 கிகாபிட் போர்ட்டுகள் பாதிக்கப்படவில்லை. ஆனாலும் மதர்போர்டுகள் திரும்பப் பெறப்பட்டு, திருத்திய பி3 பதிப்பு பின்னர் சந்தைக்கு வந்தது. உதிரியாக வாங்கியவர் மதர்போர்டை மட்டும் கழற்றிக் கொடுத்திருப்பார். தொகுப்பாக வாங்கியவரோ, ஒரு கிலோ எடையுள்ள கூலரோடு முழுவதையும் திருப்பி அனுப்பி, புதிய போர்டில் மறுபடியும் சோதனை முடியும்வரை காத்திருக்க வேண்டும். ஜனவரியிலேயே வாங்கத் துடித்த நான், கைக்குப் பணம் வரத் தாமதமானதால் தப்பித்தேன். அதன் பிறகு, எந்தத் தலைமுறையானாலும் முதல் மூன்று நான்கு மாதங்கள் பொறுத்துத்தான் பார்க்கிறேன். பயாஸில் இரண்டு மூன்று திருத்தங்கள் வந்து, ரேம் தொடர்பான முதற்கட்டச் சிக்கல்கள் தீர்வதற்கு அந்த அவகாசம் வேண்டும்.

என் தொகுப்பு வந்தபோது அதை அடைத்திருந்த விதமே நம்பிக்கை தந்தது. மதர்போர்டுக்கு அடியில் ஒரு விரல் தடிமனுக்கு ஸ்பாஞ்சு இருந்தது. கூலரின் தகடுகளுக்கு நான்கு பக்கமும் முட்டுக் கொடுத்திருந்தார்கள். இதைச் சிறிய செய்தி என்று கருதக் கூடாது. நிமிர்ந்து நிற்கும் கனமான கூலர் வண்டியின் குலுக்கலில் ஆடினால் மதர்போர்டு வளையும். வளைந்த போர்டின் கோளாறு உடனே தெரியாமல் மாதங்கள் கழித்துக்கூட வெளிப்படும். பெட்டிக்குள் ஓர் அச்சிட்ட தாளும் இருந்தது: பெருக்கெண் 44 (100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைத் துடிப்பை எத்தனை மடங்காக்குவது என்பது), கோர் எனப்படும் கணக்கிடும் பகுதிகளுக்கான வோல்டேஜ் 1.38, சோதனையில் எட்டிய உச்ச வெப்பம், சோதித்தவரின் சுருக்கக் கையெழுத்து. அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருந்தது பிறகு எனக்கு இரண்டு முறை கைகொடுத்தது.

முதல் முறை, வெப்பத்தைப் பற்றிய ஐயம் எழுந்தபோது. மின்விசிறியின் இரைச்சல் நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்ததால், வோல்டேஜை 0.01 அளவில் படிப்படியாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் ப்ராசசரை முழு வேகத்தில் உழைக்க வைத்துச் சோதிக்கும் பிரைம்95 மென்பொருளை இரவு முழுவதும் ஓடவிட்டுப் பார்த்தேன். 1.31 வரை குறைத்தும் அதே 4.4 கிகாஹெர்ட்ஸில் ஒரு பிழையும் இல்லை. வெப்பம் 8 டிகிரி இறங்கியது. கடையில் ஏன் அவ்வளவு உயர்த்தி வைத்தார்கள் என்பது யோசித்தபோது விளங்கியது. ஒரே மாதிரி எண்ணுள்ள இரண்டு ப்ராசசர்கள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்று குறைந்த வோல்டேஜிலேயே வேகம் பிடிக்கும், இன்னொன்று அதிகம் கேட்கும். எல்லாவற்றுக்கும் ஒரே அளவை வைத்துவிட்டால் நலிந்த ப்ராசசரும் தேறிவிடும், கடைக்கு நேரமும் மிச்சம். அதன் சுமை நல்ல ப்ராசசர் கிடைத்தவர் தலையில் விழுகிறது. மின்செலவு வோல்டேஜின் இருமடிக்கும் வேகத்துக்கும் ஏற்ப உயர்வதால் அந்தச் சுமை லேசானது அல்ல: 3.7 கிகாஹெர்ட்ஸிலும் 1.20 வோல்ட்டிலும் இயங்கும் ஒரு ப்ராசசரை 4.4க்கும் 1.35க்கும் கொண்டுபோனால், ஏறத்தாழ 19 விழுக்காடு வேகத்துக்காகச் சுமார் ஒன்றரை மடங்கு மின்சாரத்தைச் செலவிடுகிறோம். அத்தனையும் வெப்பமாகவே வெளியேறியாக வேண்டும்.

இரண்டாம் முறை, ஆறாவது ஆண்டில். மின்சாரம் நின்று திரும்பிய ஒரு நாளில், மதர்போர்டில் இருந்த சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துபோயிருந்ததால், பயாஸ் அமைப்புகள் எல்லாம் அழிந்து கணினி இயல்பு வேகத்துக்குத் திரும்பிவிட்டது. பத்து நாட்கள் எனக்கு அது தெரியவே இல்லை. இணையம் பார்ப்பதிலும், கடிதம் எழுதுவதிலும், படங்களைத் திருத்துவதிலும் எந்த வேறுபாடும் தென்படவில்லை. ஐம்பது நிமிடத்தில் முடிய வேண்டிய காணொளி மாற்றம் ஒரு மணி நேரத்தைத் தாண்டி ஓடியபோதுதான் ஐயம் வந்து பயாஸைத் திறந்தேன். பேட்டரியை மாற்றி, தாளைப் பார்த்து எண்களை மீண்டும் பதித்தேன். ஓவர்கிளாக்கின் பலன் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பதை அந்தப் பத்து நாட்களைவிடத் தெளிவாக எந்தச் சோதனையும் எனக்குக் காட்டியதில்லை. எல்லாக் கோர்களையும் நீண்ட நேரம் பிழிந்தெடுக்கும் வேலை உங்களுக்கு அன்றாடம் இல்லையென்றால், தொகுப்பின் கூடுதல் விலையை ரேமிலோ எஸ்எஸ்டியிலோ போடுங்கள்.

2011இல் இந்தத் தொகுப்புகளுக்கு இருந்த நியாயம் இன்று பெரிதும் குறைந்திருக்கிறது. அன்று நான்கு கோர்களும் சேர்ந்து இயங்கும்போது 2500கே 3.4 கிகாஹெர்ட்ஸைத்தான் எட்டும்; அங்கிருந்து 4.4 என்பது ஏறக்குறைய 30 விழுக்காடு கூடுதல். இன்றைய ப்ராசசர்களில் தயாரிப்பாளரே அந்த இடைவெளியைப் பெரும்பாலும் நிரப்பிவிடுகிறார். கோர் ஐ9-14900கே பெட்டியிலிருந்து எடுத்தவுடனேயே 6 கிகாஹெர்ட்ஸ் வரை ஏறுகிறது. அதன் மேல் கடைக்காரர் ஏற்றக்கூடியது மிகச் சொற்பம். விளையாட்டுக்காகப் பலரும் விரும்பி வாங்கிய ஏஎம்டி ரைசன் 7 5800எக்ஸ்3டி 2022இல் வந்தபோது, அதன் பெருக்கெண்ணை மாற்றவே முடியாதபடி பூட்டியிருந்தார்கள். அதே ப்ராசசர், 2017இல் வாங்கிய ஏஎம்4 (ஏஎம்டி ப்ராசசர்கள் பொருந்தும் ஒரு சாக்கெட் வகை) மதர்போர்டுகள் பலவற்றில் பயாஸைப் புதுப்பித்தால் போதும், வேலை செய்தது. அப்படிப்பட்ட போர்டை ஏற்கெனவே வைத்திருப்பவருக்கு முழுத் தொகுப்பும் தேவையற்ற செலவு.

உயர் வோல்டேஜின் விலை என்ன என்பதையும் அண்மைக் காலம் காட்டிவிட்டது. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை மேல்நிலை ப்ராசசர்கள் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு, காலப்போக்கில் நிலைகுலைந்தன. 2024 ஆகஸ்டில் மைக்ரோகோடு (ப்ராசசருக்குள் இயங்கும் அடிப்படை நிரல்) திருத்தம் வந்தது, வாரண்டியும் இரண்டு ஆண்டுகள் நீட்டிக்கப்பட்டது. ஆனால் ஏற்கெனவே பழுதானதை எந்தத் திருத்தத்தாலும் மீட்க முடியவில்லை. தயாரிப்பாளர் வைத்த வேகத்திலேயே இது நேர்ந்தது என்பதால், அதற்கும் மேலே ஏற்றித் தருகிறோம் என்பவரிடம் வோல்டேஜ் எவ்வளவு என்று கேட்காமல் வாங்கக் கூடாது. ஓவர்கிளாக்கினால் வரும் பழுதைத் தயாரிப்பாளரின் வாரண்டி ஏற்பதில்லை. கடையின் வாரண்டிதான் உங்களுக்குத் துணை, அது எழுத்தில் இருக்க வேண்டும்.

ரேம் பற்றி ஒன்று. பல தொகுப்புகளில் இப்போது "ஓவர்கிளாக் செய்தது" என்று சொல்லப்படுவது, ரேமிலேயே பதிந்து வரும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்னும் ஆயத்த வேக அமைப்பை பயாஸில் இயக்கி வைப்பது மட்டுமே. பொருத்தத் தெரிந்தவருக்கு அது ஒரு நிமிட வேலை. அதற்குத் தனி விலை கொடுக்க வேண்டாம். டிடிஆர்5 வகை ரேம் என்றால், தேவையான மொத்தக் கொள்ளளவையும் இரண்டு குச்சிகளிலேயே கேட்டு வாங்குங்கள். பிற்பாடு இன்னும் இரண்டு சேர்த்தால் வேகம் பெரும்பாலும் குறையும், கடையில் சோதித்த அமைப்பும் அதோடு பொருளற்றுப் போகும்.

அண்மையில் விசாரித்த கடையில் மூன்று கேள்விகள் கேட்டேன். பழுதானால் தொகுப்பு முழுவதையும் அனுப்ப வேண்டுமா, பழுதான பாகம் போதுமா என்பதற்கும், பயாஸைப் புதுப்பித்தால் வாரண்டி தொடருமா என்பதற்கும் தெளிவான பதில் கிடைத்தது: பாகம் மட்டும் போதும், வாரண்டி தொடரும். மூன்றாவதாக, எனக்கு அனுப்பப்போகும் அந்த ஒரு ப்ராசசரை எந்த வோல்டேஜில், எத்தனை மணி நேரம் சோதிப்பீர்கள் என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் ஒரே அமைப்புதான், கணினி விண்டோஸ் வரை ஏறுகிறதா என்று பார்த்து அனுப்பிவிடுவோம் என்றார்கள். நன்றி சொல்லிவிட்டு, அதே பாகங்களை உதிரியாக வாங்கி, எக்ஸ்போவை இயக்கி, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86இல் நான்கு சுற்று ஓடவிட்டேன்.