நீலமா, பச்சையா? உப்புவெளிச் சுவர் சொன்ன தீர்ப்பு

வீட்டுச் சுவருக்கு வெள்ளை அடித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. திருகோணமலை உப்புவெளியில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. முன் அறைக்குக் கடுநீலம், படுக்கையறைக்கு மங்கலான இலைப்பச்சை என்று இரண்டையும் அடித்தோம். இரண்டு மாரி கழிந்துவிட்டது. இப்போது கேட்டால் நான் பச்சைப் பக்கம்.

கச்சான் காற்று அனலடிக்கும் ஆடியில் நீல அறை கண்ணுக்குக் குளிர்ச்சிதான், மறுக்கவில்லை. இரவில் மஞ்சள் பல்பைப் போட்டால் அதே நீலம் சாம்பல் பூசியதுபோல் ஆகிவிடும். பச்சைக்கு அந்த வெளிச்சம் நன்றாகவே ஒத்துப்போகிறது.

சரி, இதெல்லாம் ரசனை. எனக்குத் தலைவலி தந்தது உப்பு. மார்கழி மழை வடகிழக்கிலிருந்து அடித்ததில் இரண்டு அறையிலும் யன்னலுக்குக் கீழே சுவர் ஊறியது. தையில் வெயில் பட்டதும் ஈரம் ஆவியாகி, பூச்சுக்குள் கரைந்திருந்த உப்பு வெள்ளைப் பொடியாகப் பூத்தது. பச்சையில் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். நீலத்தில் தேங்காய்ப்பூ கொட்டினதுபோல் வாசலிலிருந்தே தெரிந்தது. "கடல் வெளியில இருக்கிறது காணாதெண்டு உள்ளுக்கும் கொண்டு வந்திட்டியோ?" என்றார் மாமி.

ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். காய்ந்த பிரஷால் தட்டி எடுத்து, சுவர் உலர்ந்தபின் பிரைமர், அப்புறம் மிச்சம் வைத்திருந்த பெயின்ட். பச்சையில் இப்படி அடித்த இடத்தைப் பிறகு நானே தேட வேண்டியிருந்தது. நீலத்தில் அதே வாளிப் பெயின்ட்தான், ஆனாலும் ஒட்டுப்போட்ட சாரம் (லுங்கி) மாதிரித் தனியாகத் தெரிந்தது. கடைசியில் மூலைக்கு மூலை முழுச் சுவரையும் அடிக்க வேண்டியதாயிற்று.

இளநீலமாக இருந்திருந்தால் இவ்வளவு மோசமில்லை. பாதிக் குற்றம் அந்தக் கடுமைக்கு. பச்சையிலும் பளிச்சென்ற கிளிப்பச்சை வேண்டாம். வெயில் படும் சுவரில் அதில் கலந்த மஞ்சள் முதலில் வெளிறி, பச்சை நீலம் பாரிக்கக்கூடும். மஞ்சள் காவி கலந்த மங்கல் பச்சை தாக்குப்பிடிக்கும். குளியலறைப் பக்கச் சுவரில் மட்டும் கவனம்: பூஞ்சணம் பிடித்தாலும் பச்சை அதை மறைத்துவிடும்.

இந்த மாரியிலும் நீலச் சுவரில் அதே இடத்தில் பூத்துவிட்டது. யன்னல் வெடிப்பை அடைக்க மேசன் வரும்வரை, அந்த இடத்துக்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டு வைத்திருக்கிறோம்.