டெனோச்டிட்லான் நடைப்பயணம்: பாதி நகரத்தைத்தான் காட்டினார்கள்

மெக்சிகோ சிட்டியின் பழைய மையப் பகுதியில், ஸ்பானியர்கள் வருமுன் அங்கே ஆண்ட ஆஸ்டெக்குகளின் தலைநகரான டெனோச்டிட்லானின் மிச்சங்களைச் சுற்றிக் காட்டும் நடைப்பயணம் ஒன்றில் போன மாதம் சேர்ந்தேன். ஆளுக்கு 700 பெசோ, நான்கு மணி நேரம், நாங்கள் ஒன்பது பேர். நடத்தியவர்களின் பெயர் வேண்டாம். அங்கே இப்படி நடத்துகிறவர்கள் பலர் இருக்கிறார்கள், நான் சொல்லும் குறை அவர்களில் பலருக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

நான் முப்பது வருடம் குடிநீர்த் திட்டங்களில் பொறியாளராக வேலை பார்த்தவள். எந்த ஊருக்குப் போனாலும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே வடிகிறது என்றுதான் முதலில் கண் தேடும். ஏரி நடுவே ஒரு தீவில் கட்டிய நகரம், அதுவும் ஒன்றரை இரண்டு லட்சம் பேர் வாழ்ந்திருக்கலாம் என்று மதிப்பிடப்படும் நகரம் என்றால் விடுவேனா?

ஆரம்பம் அருமை. சோக்கலோ மெட்ரோ நிலையத்துக்குள்ளேயே பழைய நகரத்தின் மாதிரி வடிவம் வைத்திருக்கிறார்கள். அங்கேதான் எங்களைக் கூட்டினார் வழிகாட்டி. தொல்லியல் படிக்கும் இளம்பெண். கண்ணாடிப் பெட்டிக்கு மேலே விரலை நீட்டி, தீவையும் கரையையும் இணைத்த பெரிய சாலைகளைக் காட்டினார். தெற்கே இஸ்டபலாபா, வடக்கே டெபெயாக், மேற்கே ட்லாகோபான். "இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள் செனோரா, மீதிக் கதை எல்லாம் இவற்றின் மேல்தான் நடக்கிறது" என்றார். சாலைகளுக்கு நடுவே இடைவெளி விட்டு மரப்பாலங்கள் போட்டிருந்தார்கள். பாலத்தை எடுத்துவிட்டால் உள்ளே வந்தவன் வெளியே போக முடியாது.

பிறகு பேராலயம். உள்ளே விதானத்திலிருந்து ஒரு நீளமான தூக்குக்குண்டு தொங்குகிறது. கட்டடம் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்தது என்று கீழே தரையில் கோடு கோடாகப் பதிவு இருக்கிறது. மற்றவர்கள் பலிபீடத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள், நான் அந்தக் குண்டை விட்டு நகரவில்லை. ஏரிப்படுகைக் களிமண்ணின் மேல் கல்லைக் குவித்து, அடியிலிருந்து நிலத்தடி நீரையும் உறிஞ்சினால் வேறென்ன ஆகும்? மதேரோ தெருவில் ஒரு மூலைக் கட்டடத்தில் உயரத்தில் ஒரு சிங்கத் தலை இருக்கிறது. 1629 வெள்ளத்தில் தண்ணீர் அதுவரை ஏறியதாம். அந்த வெள்ளம் வடிய ஐந்து வருடம் ஆனது. ஆஸ்டெக்குகள் கட்டிய கரைகளையும் மதகுகளையும் ஸ்பானியர்கள் சிதைய விட்டதற்குக் கொடுத்த விலை அது. வழிகாட்டி இதைச் சொன்னபோது அவர் குரலில் இருந்த வருத்தம் எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்து டெம்ப்ளோ மயோர், பெரிய கோயிலின் இடிபாடுகளும் அருங்காட்சியகமும். நிகழ்ச்சியில் இதற்கு ஒதுக்கியது நாற்பது நிமிடம். எட்டுக் கூடங்களுக்கு நாற்பது நிமிடம் என்பது ஓட்டம். போதாததற்கு எனக்குக் கொடுத்த காதுக்கருவி பாதியில் நின்றுவிட்டது. மாற்றுக் கருவி கொண்டு வரவில்லை என்றார்கள். இவ்வளவு காசு வாங்குபவர்கள் உபரியாக ஒன்று வைத்திருக்க வேண்டாமா?

ஆனால் அந்த இடம் இருக்கிறதே, அதற்காகத் தனியாக ஒரு நாள் போகலாம். 1978 பிப்ரவரியில் மின்சாரப் பணியாளர்கள் பள்ளம் தோண்டும்போது ஒரு பெரிய வட்டக் கல் தட்டுப்பட்டது. கோயோல்ஷாவ்கி தெய்வம், கை கால் தலை எல்லாம் வெட்டுண்டு கிடக்கும் கோலம். குறுக்களவு மூன்று மீட்டருக்கு மேல், எடை சுமார் எட்டு டன். எடுவார்டோ மாடோஸ் மொக்டெசூமா தலைமையில் அகழாய்வு நடந்தது, 1987-ல் அருங்காட்சியகம் திறந்தார்கள். அந்தக் கல்லை மேல்தளத்திலிருந்து குனிந்து பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால்தான் உருவம் முழுதாகப் புரிகிறது.

இடிபாடுகளுக்குள் நடக்கும்போது ஒன்று நெஞ்சைப் பிடித்தது. கோயிலை ஒன்றின் மேல் ஒன்றாக ஏழு கட்டமாகப் பெரிதாக்கிக்கொண்டே போயிருக்கிறார்கள். நகரத்தைப் பிடித்த ஸ்பானியத் தலைவர் கோர்ட்டெஸ் கண்ணால் பார்த்த கடைசிக் கோயிலில் மிஞ்சியது அடித்தளம் மாதிரி கொஞ்சம்தான், மற்றதை இடித்துக் கல்லை எடுத்துப் போய்விட்டார்கள். இன்று நன்றாக இருப்பது இரண்டாம் கட்டம். உள்ளே புதைந்திருந்ததால் இடிப்பவர் கைக்கு எட்டவில்லை. மழைத் தெய்வமான ட்லாலோக்கின் சன்னதி வாசலில், மேல் சாயம்கூட ஒட்டியபடி, வயிற்றின் மேல் காணிக்கைத் தட்டை ஏந்தும் சாக்மூல் சிலை ஒன்று சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. பக்கத்திலேயே போர்த் தெய்வமான விட்சிலோபொச்ட்லியின் சன்னதி. முதல் கட்டம் இதற்கும் அடியில் இருக்கிறது, நிலத்தடி நீர் தோண்ட விடவில்லை. தண்ணீர் சில சமயம் காவலும் காக்கிறது.

சரி, குறைக்கு வருகிறேன். 1519 நவம்பர் 8-ல் கோர்ட்டெஸும் ஆஸ்டெக் மன்னர் மொக்டெசூமாவும் சந்தித்த கதைக்கு நாற்பது நிமிடம் கொடுத்தார்கள். சந்தித்த இடத்தருகே கோர்ட்டெஸ் நிறுவிய மருத்துவமனை இன்றும் நடக்கிறது, ஒட்டிய தேவாலயத்தில்தான் அவர் எலும்புகள் இருக்கின்றன. அங்கேயும் கூட்டிப் போனார்கள். 1520 மே மாதத் திருவிழாவில் கோர்ட்டெஸின் தளபதி அல்வராடோவின் ஆட்கள் நடத்திய படுகொலையையும், ஜூன் 30 இரவு ஸ்பானியர்கள் ட்லாகோபான் சாலை வழியே தப்பி ஓடியதையும் நன்றாகவே சொன்னார்கள். அந்த இரவை "துயர இரவு" என்றே அழைத்து வந்தவர்கள், 2021-ல் அந்தப் பெயரில் இருந்த சதுக்கத்துக்கு "வெற்றி இரவு" என்று பெயர் மாற்றியதையும் விடவில்லை. யாருக்குத் துயரம், யாருக்கு வெற்றி என்று அந்தப் பெண் எங்களைக் கேட்டது நல்ல கேள்வி.

அப்புறம்? "மறு வருடம் கோர்ட்டெஸ் திரும்பி வந்தார், முற்றுகையிட்டார், நகரம் விழுந்தது." முடிந்தது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

எனக்கு மனசு ஆறவில்லை. நகரம் எப்படி விழுந்தது என்பதுதானே இந்தப் பயணத்தின் பெயரே! 1521 மே கடைசியில் முற்றுகை தொடங்கியபோது செய்த முதல் வேலைகளில் ஒன்று மேற்குக் கரையில் சபுல்டெபெக் குன்றின் ஊற்றுகளிலிருந்து வரும் குடிநீர்க் கால்வாயை உடைத்தது. அந்தக் கால்வாயில் இரண்டு தடங்கள். ஒன்றைச் சுத்தம் செய்யும்போது மற்றதில் தண்ணீர் போகும். என் தொழிலில் இருப்பவர் யாரும் அதைக் கட்டியவர்களைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். சுற்றிலும் ஏரி இருந்தும் அதன் நீர் உப்புக் கரிப்பது, குடிக்க ஆகாது. கோர்ட்டெஸின் கூட்டாளிகளான ட்லாக்ஸ்கலா நாட்டிலிருந்து துண்டு துண்டாக மரத்தைச் சுமந்து வந்து 13 கப்பல்களைப் பூட்டி ஏரியில் இறக்கினார்கள், படகில் உணவு வரும் வழியும் அடைபட்டது. அதற்கு முன்பே அம்மை நகரத்தைத் தின்றிருந்தது. மொக்டெசூமாவுக்குப் பின் வந்த குயிட்லாவாக் சுமார் 80 நாள் ஆண்டு அம்மையில் இறந்தார். ஆயிரம்கூடத் தேறாத ஸ்பானியர்களோடு பல்லாயிரம் ட்லாக்ஸ்கலா வீரர்களும் மற்றவர்களும் நின்றார்கள். அவர்களுக்கு ஆஸ்டெக் ஆட்சியின் மேல் இருந்த பழைய பகை ஒரு தனிக் கதை. இத்தனையும் தாங்கி நகரத்தவர்கள் இரண்டரை மாதம் சண்டை போட்டிருக்கிறார்கள். அதைச் சொல்லாமல் எப்படி முடிப்பது?

அதனால் மறுநாள் நானே கிளம்பினேன். மெட்ரோவுக்கு 5 பெசோ. ட்லாடெலோல்கோ நிலையத்தில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் மூன்று கலாசாரச் சதுக்கம். கடைசிச் சண்டை நடந்தது இந்தப் பகுதியில்தான். 1521 ஆகஸ்ட் 13-ல் மன்னர் குவாட்டெமோக் படகில் பிடிபட்டார். அங்கே ஒரு கல்வெட்டு இருக்கிறது. இது வெற்றியும் அல்ல தோல்வியும் அல்ல, இன்றைய மெக்சிகோவாக இருக்கும் கலப்பின மக்களின் வலி மிகுந்த பிறப்பு என்கிறது. அதே சதுக்கத்தில் 1968 அக்டோபர் 2-ல் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதையும் நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் படியில் உட்கார்ந்திருந்தேன்.

நடைப்பயணம் மோசம் என்று சொல்ல மாட்டேன். வழிகாட்டிக்கு ஐந்துக்கு ஐந்து, பயணத் திட்டத்துக்கு மூன்று. கோர்ட்டெஸின் எலும்புகளுக்குச் செலவழித்த நேரத்தை எடுத்து இங்கே கொடுத்தாலே போதும், அவர்களுக்கும் அதை எழுதி அனுப்பியிருக்கிறேன். நீங்கள் போவதாக இருந்தால் டெம்ப்ளோ மயோருக்குக் குறைந்தது மூன்று மணி நேரம் தனியாக வையுங்கள். பெரும்பாலும் வெயிலில்தான் நடக்க வேண்டியிருக்கும், தொப்பியும் தண்ணீரும் அவசியம்.

ட்லாடெலோல்கோவில் கிளம்புமுன் பழைய தண்ணீர்த் தொட்டியைக் கேட்டுப் பாருங்கள். 1530-களில் மடத்துக்காகக் கட்டியது, 2002-ல் மண்ணுக்குள்ளிருந்து வெளியே வந்தது. அதன் உள்சுவரில் அந்த ஊர் ஓவியர்களே வரைந்திருக்கிறார்கள்: வலை வீசும் மீனவர்கள், தவளைகள், கொக்குகள், அவர்களுடைய ஏரி.